குருசடி வளைவில் என் இடது கை

“அது நீயா ஓட்டினது? சும்மா கெட எக்கா. அந்த வண்டிய ஸ்டாண்டுலேருந்து எறக்கணும்னாலே ரெண்டு ஆம்பள வேணும்.”

என் சித்தியின் மகன் இதைச் சொன்னபோது எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, என் அம்மா பொரித்துக் கொடுத்த ஏத்தன்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தான். கருங்கல்லில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை செய்கிறான். என்னைவிட நான்கு வயது இளையவன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து ஓட்டுநர் உரிமம் வாங்கியதுவரை அவனுக்கான தாள்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்தவள் நான். நான் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட அவன் சந்தேகப்பட்டதில்லை. நான் ஓட்டியதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை.

அவன் கையிலிருந்த போனில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஈரமான ரப்பர் தோட்டச் சாலை. கறுப்பு ஹெல்மெட், கறுப்பு ஜாக்கெட். கனத்த பைக் ஒன்று வளைவில் சாய்ந்து வருகிறது. சாய்ந்தபடியே ஓட்டுபவரின் இடது கை கைப்பிடியை விட்டு எழுந்து, நெஞ்சைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அடுத்த நொடி பைக் நிற்கிறது, ஹெல்மெட் கழற்றப்படுகிறது. உள்ளேயிருந்து கதாநாயகனின் முகம் வருகிறது, ஒரு முடிகூடக் கலையாமல்.

அந்தக் கை என்னுடையது. அந்த வளைவில் சாய்ந்து வந்த உடம்பும் என்னுடையது. முகம் மட்டும் அவருடையது.

புகழுக்காக இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். நான் செய்த வேலைக்கு என் பெயர் வேண்டும். அதைக் கேட்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் பெயரைவிடப் பெரிய ஒன்று அந்தக் காட்சியில் திருடுபோயிருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த வளைவைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் தக்கலையிலிருந்து மலைப்பக்கம் போகும் பாதையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். விடியும் முன்பே மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்த்துக் கேனில் ஊற்ற வேண்டும். கேன்களைப் பைக்கின் இருபுறமும் கட்டித் தோட்டத்து ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேருமே பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதுவும் நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் என் சிலேட்டைப் பார்த்துப் பழகியது. அம்மாவுக்கு இன்றுவரை பெருவிரல்தான்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் அந்த வளைவு. வளைவின் உள்பக்கம் ஒரு குருசடி. ஆள் உயரச் சிலுவை, கண்ணாடிக் கூண்டு, அதற்குள் எப்போதும் இரண்டு மெழுகுவத்தி. எங்கள் வீட்டில் அய்யா வழி. நெற்றியில் நாமம் இட்டு நிழல் தாங்கலுக்குக் கும்பிடப் போகிறவர்கள். ஆனாலும் அந்த வளைவில் நாங்களும் நெஞ்சைத் தொடுவோம். கடற்கரையிலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர் தொடுவார். பேத்தியை மதரசாவில் விட்டுவிட்டு வருகிற பெரியவரும் தொடுவார். வலது கை ஆக்சிலேட்டரில் இருப்பதால் இடது கையால். சாமி காரியத்துக்கு இடது கையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. “எந்தக் கை ஒழிஞ்சு கெடக்கோ அது போதும். சாமிக்கும் வண்டி ஓட்டத் தெரியும்லா” என்பார் அப்பா.

இடது கையை எடுத்துவிட்டால் கிளட்ச் பிடிக்க முடியாது. கியர் மாற்ற முடியாது. அதனால் வளைவுக்கு முன்பே, சரிவில் ஒருபக்கம் பட்டை வெட்டப்பட்டு நிற்கிற பெரிய அயனி மரத்தைத் தாண்டுவதற்குள், பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியருக்கு இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் இடது கைக்கு வேலையில்லாமல் போகும். மரத்தடியில் வேலையை முடிக்காதவன் குருசடியில் கையை எடுக்க முடியாது. நெஞ்சைத் தொடுகிறான் என்றால் அவன் முன்பே நிதானித்துவிட்டான் என்று பொருள். இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. அந்த வளைவில் எத்தனையோ மழைக்காலம் வண்டி ஓட்டி, கைகள் தாமாகக் கண்டுபிடித்த வழக்கம். வளைவு வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறது. கீழே கல்லடுக்கிய ஓடை. மழையில் ஊறிய ரப்பர் சருகு சோப்பைப்போல வழுக்கும்.

நான் பைக் ஓட்டப் பழகியது கல்லூரி இரண்டாம் ஆண்டில். காலைப் பேருந்து வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. அப்பாவின் வண்டியோ பத்து மணிக்கு மேல் சும்மா நிற்கும். தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில் நானே பழகினேன். கேன் கட்டும் கம்பியைக் கழற்ற முடியாததால் இரண்டு காலிக் கேன்களோடு ஓட்டினேன். விழுந்தபோதெல்லாம் முதலில் சத்தம் போட்டது கேன்தான். அதைக் கேட்டே ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் ஸ்கூட்டர் ஓட்டாத பெண் குறைவு. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கியர் வண்டியில் ஏறினால் மட்டும் பேச்சு வரும். “ஏட்டி, அப்பன் பால் வெட்டையும் ஒனக்கு எழுதித் தந்தாச்சா?” என்று ஒருத்தி பேருந்து நிறுத்தத்தில் நின்று கேட்டாள். “எழுதித் தரணும்னா நான்தான எழுதணும்” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பட்டம் முடித்துத் தக்கலையில் ஒரு கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பாஸ்போர்ட் எனப் பிறருடைய விண்ணப்பங்களை நிரப்புவது என் வேலை. தினமும் அப்பாவின் பைக்கில்தான் போய்வந்தேன். தினமும் இரண்டு முறை அந்த வளைவில் நெஞ்சைத் தொட்டேன்.

போன வருட மழைக்காலத்தில் ஒரு படக்குழு வந்தது. பைக் ஓட்டுகிற கூட்டம் ஒன்றைப் பற்றிய கதை. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஊர்வலக் காட்சிக்கு வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மழைநாளில் பால் வெட்டு கிடையாது. ஆண்கள் எல்லாம் வண்டிகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனார்கள். எனக்கும் அன்று விடுமுறை. நானும் போனேன்.

நான் சினிமாவில் பைக் பார்த்தே வளர்ந்தவள். பார்க்கப் பார்க்க எரிச்சலும் கூடவே வளர்ந்தது. அந்தப் பைக்குகள் எதையும் சுமப்பதில்லை. எங்கள் சாலையில் பைக் என்றால் மீன்பெட்டி, பால் கேன், கேஸ் சிலிண்டர், சில நாள் ஓர் ஆட்டுக்குட்டி. சினிமா பைக்கில் அதிகபட்ச சுமை ஒரு பெண். அவள் பின்னால் உட்கார்ந்து தலைமுடியைக் காற்றில் விடவேண்டும், பயந்ததுபோல் கட்டிப்பிடிக்க வேண்டும். தப்பித்தவறி ஒரு பெண்ணே ஓட்டிக்கொண்டு வந்தால் அவள் திமிர் பிடித்தவள். இடைவேளைக்குள் அவளுக்குப் பாடம் புகட்டப்படும். அல்லது அவள் காமெடி. சாக்கடையில் விழுவாள், அரங்கம் சிரிக்கும். கடைசிப் பாட்டில் புடவை கட்டிக்கொண்டு பின்சீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டரை மணி நேரத்தில் அவள் கடந்த தூரம், முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை. இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அப்பாவின் வண்டியை உதைத்துக் கிளப்புகிறபோதெல்லாம் எனக்கு யாரிடமாவது சண்டை போட வேண்டும்போல் இருக்கும்.

அன்று சண்டைக்கு ஆள் கிடைத்தார். படக்குழுவின் மேனேஜர் கையில் ஓர் அட்டையோடு வந்து என் வண்டிக்கு முன்னால் நின்றார்.

“பொண்ணுங்களுக்கு வண்டி தேவையில்லம்மா. சாவிய அந்தத் தம்பிகிட்ட குடுத்துட்டு நீங்க பின்னாடி உக்காந்துக்கோங்க. சிரிச்ச மாதிரி இருந்தா போதும்.”

“வண்டி எங்க அப்பாவுக்குள்ளது. நான்தான் ஓட்டுவேன்.”

“இது பைக்கர் கேங்மா. நடுவுல ஒரு பொண்ணு ஓட்டினா ஃபிரேம் உதைக்கும்.”

“அப்பம் ஃபிரேம நீங்களே வச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். வரிசையில் நின்ற எங்கள் ஊர் ஆண்களில் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் தன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழி அந்த வளைவு வழியாகத்தான். வளைவில் கேமரா வைத்து வேறொரு காட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகிக்கு டூப்பாக ஒரு சண்டைக் கலைஞர், ஆண், நீண்ட சவுரியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, அந்தக் கனத்த பைக்கில் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் காலை ஊன்றிவிட்டார். அவர் மோசமான ஓட்டுநர் இல்லை. அந்தச் சரிவும் சருகும் அவருக்குப் புதிது. நான் அவர்களைச் சட்டை செய்யவில்லை. கோபத்தில் இருந்தேன். அயனி மரத்தடியில் கியரை இறக்கினேன், வளைந்தேன், நெஞ்சைத் தொட்டேன், போய்விட்டேன்.

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள். அனுப்பியது அந்தச் சவுரிக்காரர்தான். திரும்பிப் போனதும் ஸ்டண்ட் மாஸ்டரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “இந்தப் பொண்ணு ஒத்தக் கையில எடுத்துச்சு மாஸ்டர். நான் பாத்தேன். எனக்கு இந்த ரோடு தெரியாது. அதுக்குத் தெரியும்.” எனக்கு முன்பின் தெரியாத அந்த மனிதரை நான் இன்றும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். அந்த மொத்தக் கூட்டத்திலும் தான் கண்டதைக் கண்டபடி சொன்னவர் அவர் ஒருவர்.

காட்சி என்னவென்று மாஸ்டர் விளக்கினார். கதாநாயகனுக்குக் காலில் அடி. வில்லனின் ஆட்கள் தேடி வருகிறார்கள். கதாநாயகி அவருடைய ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு, அவருடைய பைக்கை எடுத்து, துரத்துகிறவர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறாள். அவர்கள் அவளை மடக்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் பெண் என்று தெரிகிறது. கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு படத்தில் ஒரு பெண் உருப்படியாக வண்டி ஓட்டப்போகிறாள், அவளுக்காக ஓட்டப்போவது நான்.

அந்த வண்டி அப்பாவின் வண்டியைவிட இரண்டு மடங்கு கனம். தோட்டப் பாதையில் நாலைந்து முறை ஓட்டிப் பழகிக்கொண்டேன். பிறகு மூன்று முறை வளைவில் ஓட்டினேன். மூன்று முறையும் கை நெஞ்சுக்குப் போனது. அது அந்த இடத்தில் தானாகப் போகிற கை. மேனேஜர் ஓடிவந்து, “கை எடுக்காதீங்கம்மா” என்றார். ஆனால் கேமராவுக்குப் பின்னால் இருந்து இயக்குநர், “இல்ல, இருக்கட்டும். அழகா இருக்கு. என்ன அது?” என்று கேட்டார். நான் குருசடியைக் காட்டினேன். மரத்தைக் காட்டினேன். கியரைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அன்று கதாநாயகன் ஓட்டியதையும் பார்த்தேன். தாழ்வான வண்டி ஒன்றின்மேல் பைக்கைக் கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் அவரை உட்காரவைத்து, லாரியால் இழுத்துப் போனார்கள். முன்னால் பெரிய மின்விசிறி. அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருகினார். அது அவர் தொழில். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இறங்கி வந்து என்னிடம், “சூப்பரா ஓட்டினீங்க” என்றுகூடச் சொன்னார்.

போகும் முன் மேனேஜர் ஆங்கிலத்தில் ஒரு தாள் நீட்டினார். முழுவதும் வாசித்தேன். அவர் மணி பார்த்துக்கொண்டே நின்றார். எடுத்த காட்சிகளை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. என் பெயரைப் பற்றி எதுவும் இல்லை.

“டைட்டில்ல எனக்கப் பேரு வருமா சார்?”

“கண்டிப்பா வரும்மா. ஸ்பெல்லிங் எழுதிக் குடுங்க.”

ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இதை நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. கணினி மையத்தில் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறேன், வாயால் சொன்னதை நம்பாதீர்கள், தாளில் இருக்கிறதா பாருங்கள் என்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தாளை வாசிக்கக் கற்றவள் நான். தாளை வாசித்தும், அதில் இல்லாததை அறிந்தும், கையெழுத்துப் போட்டேன். பெருவிரல் வைக்கிற அம்மாவாவது நான்கு பேரைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

படம் வந்தது. முதல் வாரமே அப்பாவையும் அம்மாவையும் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன். அம்மா தியேட்டருக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. புதுப் புடவையை உடுத்து, பையில் முறுக்கு வைத்திருந்தாள். படம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். திரையில் எங்கள் அயனி மரம் தெரிந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். கதாநாயகியின் காட்சி இவ்வளவு சீக்கிரம் வராதே என்று தோன்றியது. பைக் வந்தது, சாய்ந்தது, கை நெஞ்சைத் தொட்டது. அரங்கமே எழுந்து விசில் அடித்தது. காகிதத் துண்டுகள் பறந்தன. ஹெல்மெட் கழன்றது.

அம்மா என் பக்கம் குனிந்து கேட்டாள்: “மக்கா, அது நீதான? பின்ன அவனுக்க மூஞ்சி எதுக்கு வருது?”

இத்தனை நாளில் இந்த விவகாரத்தைப் பற்றி யாரும் இதைவிடச் சரியான கேள்வி கேட்டதில்லை. அப்பா மட்டும் திரையைப் பார்த்தபடியே, “கியர் மாத்துனத காட்டல்லியே” என்றார்.

நான் அதை அப்போதுதான் கவனித்தேன். அயனி மரத்தடியில் நான் பிரேக் பிடித்ததும், கியரை இறக்கியதும், நிதானித்ததும் கத்தரிக்கப்பட்டிருந்தன. வளைவிலிருந்துதான் காட்சி தொடங்கியது. அதையும் வேகமாக ஓடவிட்டு, எஞ்சினின் உறுமலை மேலே ஏற்றியிருந்தார்கள். நிதானத்தின் அடையாளமான கை இப்போது வேகத்தின் அடையாளம். பாய்ந்து வருகிறவன், பயம் என்பதே இல்லாதவன், வளைவில் ஒரு கையை விட்டு நெஞ்சைத் தட்டிக்கொள்கிறான். என் பெயரை எடுத்துக்கொண்டதைவிட இது எனக்கு அதிகமாக எரிந்தது.

கதாநாயகி பைக்கை எடுத்துக்கொண்டு போகும் காட்சி படத்திலேயே இல்லை. அவள் கடைசிவரை பின்சீட்டில் இருந்தாள். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபோது எல்லோரும் போய்விட்டார்கள். நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தேநீர் கொடுத்தவர்களின் பெயர்கள் வந்தன. தோட்ட முதலாளிக்கு நன்றி வந்தது. துடைப்பத்தோடு வந்த அக்கா எங்கள் காலடியில் நின்று, “இன்னும் யாருக்குப் பேரு வரணும்?” என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள். வரவில்லை.

மேனேஜருக்குப் போன் செய்தேன். மூன்றாம் நாள் எடுத்தார்.

“அந்த சீன் எடிட்டிங்ல போயிடுச்சும்மா. படம் நீளம். நீங்க படத்துல இல்ல, அப்புறம் பேரு எப்படிப் போடறது?”

“நான் இல்லன்னா அந்தக் கை யாருக்கது சார்?”

“ஹீரோவோட கைம்மா. யார் கேட்டாலும் அதான்.” பிறகு, “நீங்க படிச்ச பொண்ணு, புரிஞ்சுக்குவீங்க” என்று முடித்தார்.

படித்த பெண் என்பதால்தான் புரிந்துகொள்ள மறுத்தேன். நடந்ததை நாள், இடம் குறித்து எழுதி, பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினேன். இரண்டே கோரிக்கைகள். டிவியில் வரும்போதாவது என் பெயரைச் சேர்க்க வேண்டும். வளைவுக்கு முன்னால் கியர் மாற்றியதைத் திரும்ப ஒட்ட வேண்டும். தபால் சேர்ந்ததற்கான அட்டை யாருடையதோ கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

அதற்குள் அந்தக் கை ஊர் ஊராகப் போய்விட்டது. கருங்கல் சந்தையில், தக்கலை பேருந்து நிலையத்துக்கு வெளியே, எந்த வளைவு கண்டாலும் பையன்கள் இடது கையை விட்டு நெஞ்சைத் தொட்டார்கள். ஒருவன் ஓட்டுவான், இன்னொருவன் பின்னால் வந்து போனில் படம் பிடிப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குருசடி வளைவுக்கே வந்தார்கள். அங்கே கதாநாயகன் நெஞ்சில் கைவைத்திருக்கும் பேனர் ஒன்றைக் கட்டினார்கள், மெழுகுவத்திக் கூண்டை மறைத்து. ஒரு மாலை நான் வேலையிலிருந்து வரும்போது வழக்கம்போல் நெஞ்சைத் தொட்டேன். சாயக்கடையில் டீ குடித்துக்கொண்டு நின்ற மூன்று பேரில் ஒருவன் கூப்பிட்டுக் கேட்டான்: “எக்கா, படத்தப் பாத்துப் படிச்சதா?” மற்றவன் சொன்னான்: “கொள்ளாம், ஆனா அண்ணனுக்க ஸ்டைலு வரல்ல கேட்டியா.”

என் கையை நானே காப்பியடிக்கிறேனாம், அதுவும் சரியாக வரவில்லையாம். படத்தில் ஓட்டியது நான்தான் என்று வண்டியை நிறுத்திச் சொன்னேன். சிரித்தார்கள். அடுத்த ஞாயிறுதான் சித்தி மகன் வந்து பஜ்ஜி தின்றுகொண்டே, சும்மா கிட என்று என்னிடம் சொன்னது.

அவனுக்கு நான் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். மரம், கியர், கிளட்ச். “லேய், படத்துல காட்டினது பாதிதான். கைய எடுக்கதுக்கு முந்தி வேலைய முடிச்சிருக்கணும்” என்றேன்.

“நீ ஓட்டினாதான ஒனக்குத் தெரியும்” என்றான். “அந்த அண்ணன் நூறுல வாறாரு எக்கா. நீ சொல்லுகது மாட்டுவண்டிக்கு.”

அன்றே திரும்பிப் போகும்போது விழுந்தான்.

சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. நானும் அப்பாவும் ஓடினோம். நான்காம் கியரில் வந்து வளைவுக்குள் கையை எடுத்திருக்கிறான். சருகில் சக்கரம் விலகியதும் கிளட்சைத் தேடியிருக்கிறான், கை நெஞ்சில் இருந்திருக்கிறது. ஓடையின் கல்லடுக்கில் தோள்பட்டை மோதியிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், அதுவும் அந்த நடிகர் போட்டிருந்ததைப் போன்ற கறுப்பு ஹெல்மெட்டைத் தேடி வாங்கியதால். தண்ணீர் கொடுத்தபோது அவன் முகம் வெளிறி இருந்தது. பேனர் மேலே காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அவனைப் பார்க்கப் போனேன். தோளின் காறையெலும்பு முறிந்து, கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கிடந்தது. சித்தி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

“எக்கா, மரத்துக்கு எவ்வளவு முந்தி நீ கியர எறக்குவா?”

நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாயின. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நீதான் ஓட்டினாய் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஓட்டியவளிடம் மட்டும் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டான்.

“பட்டை வெட்டுன பக்கம் கண்ணுல படும்லா, அப்பம்” என்றேன். “மரம் தாண்டும்போ கிளட்ச விட்டிருக்கணும். பிறவு ஒண்ணும் தொடப்பிடாது.”

“பிறவு நெஞ்சு.”

“பிறவு நெஞ்சு.”

வீடு திரும்பும்போது ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகியிருந்தது. அதுவரை என் பெயருக்கான சண்டையும் இந்த வளைவைப் பற்றிய கவலையும் வேறு வேறு என்று நினைத்திருந்தேன். பெயர் கேட்பது கொஞ்சம் சுயநலம் என்றுகூட மனதுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. அது போய்விட்டது. ஓட்டியவள் யார் என்று தெரியாமல் எப்படி ஓட்டுவது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த அண்ணனிடம் போய் எவனும் கியரைப் பற்றிக் கேட்க முடியாது. அவருக்குத் தெரியாது, அவருடைய வண்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தெரிந்தவளின் பெயரை அழித்தவர்கள் அந்தக் கல்லடுக்கில் விழுகிற ஒவ்வொருவனுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். அவர்கள் சொல்லப்போவதில்லை.

பேனரை அகற்றக் கேட்டுப் பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன். வளைவுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினேன்; மீன்காரர், மதரசாப் பெரியவர், சாயக்கடைக்காரர், குருசடியைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி. அம்மா பெருவிரல் வைத்தாள், இம்முறை யாரையும் கேட்காமல். பத்து நாளில் பேனர் இறங்கியது.

கம்பெனியின் பதிலுக்கு நான் இப்போது காத்திருக்கவில்லை. அயனி மரம் குருசடிக்குச் சொந்தமான நிலத்தில் நிற்கிறது. அந்தப் பெண்மணியிடம் சம்மதம் கேட்டேன். “வச்சுக்கோ மக்கா, ஆணி மட்டும் மரத்துல அடிக்காத, கயித்துல கெட்டு” என்றார். ஒரு தகரம் வாங்கி, வெள்ளை அடித்து, சிவப்பு எழுத்தில் நானே எழுதினேன். நேற்றுக் காலை அப்பா ஏணியில் நின்று கட்டினார். சித்தி மகன் தொட்டிலில் கிடந்த கையோடு வந்து, மற்றக் கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டான். எழுத்து தூரத்திலிருந்து தெரிகிறதா என்று நான் வண்டியில் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். தெரிகிறது.

“கியரை இங்கேயே இறக்கு. நெஞ்சைப் பிறகு தொடு.”

அதற்குக் கீழே அப்பாவின் முதலெழுத்தோடு என் முழுப் பெயர். அதற்கும் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில்: படத்தில் இந்த வளைவை ஓட்டியவள்.